குசினிச் செலவுக்கு ஆர் காசு தருவினம்?

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணத்தில படிச்ச நாங்கள் கொஞ்சப்பேர் இப்ப லண்டனில இருக்கிறம். வீட்டில அடி உதை தாங்கேலாம வெளிக்கிட்டு வாற பெண்களை வைச்சுப் பாக்கிற ஒரு பாதுகாப்பு இல்லத்துக்குக் குடுக்கக் காசு சேர்த்திருக்கிறம். கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்து, சின்னதா ஒரு திறப்புவிழா வைச்சு, வாசல்ல சங்கத்தின்ர பேர்ப்பலகையும் போடுவம் எண்டு கதைக்கினம். சரியோ? – ஒரு வாசகி, லண்டன்

பதில்: தங்கச்சி, காசு சேர்த்ததுக்குக் கோடி புண்ணியம், ஆனா பலகையும் விழாவும் தயவுசெய்து வேண்டாம். அந்த வீடு எங்க இருக்கெண்டு தெரியாமல் இருக்கிறதுதான் உள்ளுக்கை இருக்கிறவைக்குப் பாதுகாப்பு. இலங்கையின்ர 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில, ஒரு பெண் கேட்டா அவவை இல்லத்தில தங்கவைக்கவும் அந்த இடத்தை இரகசியமா வைச்சிருக்கவும் நீதவான் கட்டளை போடலாம் எண்டே இருக்கு. யாழ்ப்பாணம் சின்ன ஊர், நல்லூர்த் திருவிழாவில பத்தடி நடந்தா ஒரு சொந்தக்காரர் வந்து நிப்பார், முகத்தை மறைச்சுப் படம் போட்டாலும் பிள்ளையின்ர பள்ளிக்கூட ரையைப் பாத்தே எந்தப் பக்கம் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்.

நான் முந்தி அப்பிடி ஒரு வீட்டுக்குச் சில வருசம் கணக்கு எழுதிக் குடுத்தனான். கட்டில் தரவும் ஃப்ரிட்ஜ் தரவும் ஆக்கள் வருவினம், இரவில நிக்கிற மேற்றனுக்குச் சம்பளம் தர ஒருத்தரும் வரேல்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை கைக்குழந்தையோட செருப்பில்லாமல் வந்து நிண்டா கதவைத் திறக்கிறது அந்த மேற்றன்தானே, அவவுக்கு மூண்டு மாசம் சம்பளம் பிந்தினா அவவும் என்ன செய்யிறது, வேற வேலை பாத்துப் போட்டா. அதுக்குப் பிறகு நாங்கள் ஆளாளுக்கு முறை வைச்சுத்தான் இரவில நிண்டம். வாற பெண்ணிட்ட அடையாள அட்டை இருக்காது, பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ் அந்த வீட்டில கிடக்கும், அதுகளை எடுக்க, கோட்டுக்குப் போக, பெரியாஸ்பத்திரிக்குப் போக எண்டு ஓட்டோக் காசு மட்டும் மாசத்தில எவ்வளவு. வாடகை, அரிசி, காஸ் சிலிண்டர், பால்மா, இதுகளுக்குத்தான் காசு இல்லை. ஆனபடியா ஒருக்கா பெரிசாக் குடுக்காமல் மூண்டு வருசத்துக்கு மாசாமாசம் அனுப்புங்கோ, மேற்றனின்ர சம்பளத்தை உங்கட சங்கம் பொறுப்பெடுக்கலாம். இன்னொண்டு, பிரித்தானியாவில பதிஞ்ச அறக்கட்டளை ஒண்டுக்குள்ளால அனுப்பினா, வரி கட்டுற ஆக்கள் குடுக்கிற ஒவ்வொரு பவுணுக்கும் கிஃப்ட் எயிட் எண்டு 25 பென்ஸ் மேலதிகமாக் கிடைக்கும், 100 பவுண் 125 ஆகும். அதை விடாதேங்கோ.

கேள்வி: நாங்கள் ஒரு இல்லம் நடத்துறம். நிதி கேட்டு எழுதினா வாடகையும் சம்பளமும் நிர்வாகச் செலவு எண்டு வெட்டுகினம், ஆறு மாசத் திட்டம் எண்டா மட்டும் தருவினமாம், வெற்றிக் கதையும் படமும் வேணுமாம். என்ன எழுதுறது? – ஒரு வாசகி, வடமராட்சி

பதில்: வாசிக்கவே வயிறெரியுது. முதல்ல, மேற்றனின்ர சம்பளத்தை நிர்வாகம் எண்ட தலைப்புக்குக் கீழ போடாதேங்கோ, நீங்கள் குடுக்கிற சேவையே அவதான். ஒரு பெண்ணும் பிள்ளையளும் ஒரு இரவு பத்திரமாத் தங்க எவ்வளவு முடியுது எண்டு வாடகை, சாப்பாடு, சம்பளம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு கணக்காக் காட்டுங்கோ. ஆறு மாசம் எண்டதுக்கு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தையே காட்டலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், பிறகு வாற பாதுகாப்புக் கட்டளை 12 மாசம் வரைக்கும் போகும், கோட்டே ஒரு வருசம் பாதுகாப்பு வேணும் எண்டு சொல்லேக்க ஆறு மாசத்தில கதவைப் பூட்டினா அவள் எங்க போறது, திரும்ப அந்த வீட்டுக்குத்தானே.

கதைக்குப் பதிலா எண்ணிக்கை குடுங்கோ: எத்தினை பேர் வந்தவை, எத்தினை இரவு தங்கினவை, எத்தினை தரம் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள், எத்தினை பிள்ளையள் பள்ளிக்கூடம் விடாமல் போனவை. நாட்டு நிலைமைக்கு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல செய்த பெண்கள் நலன் ஆய்வைப் போடலாம், அதில துணையோட வாழ்ந்த பெண்களில ஐஞ்சில ஒருத்தர் அவரிட்டயே உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்கினம். புருசனோட சேர்த்துவைச்ச எண்ணிக்கையை வெற்றி எண்டு எழுதவே எழுதாதேங்கோ. திரும்பிப் போனவளைத் தோல்வி எண்டும் எழுதாதேங்கோ, அவள் நாளைக்குத் திரும்ப வந்தாலும் வருவாள்.

கேள்வி: என்னட்டக் குடுக்கக் காசில்லை, ரியூசன் குடுக்கிறன். என்னால என்ன ஏலும்? – கோண்டாவில் வாசகி

பதில்: நிறைய ஏலும் பிள்ளை. இல்லத்துக்கு வாற பிள்ளையளுக்கு வாரக்கணக்கில படிப்பு விட்டுப்போகும், புதுப் பள்ளிக்கூடத்தில சேரும்வரைக்கும் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்குடுக்க ஆள் இல்லை. உங்கட பிரதேச செயலகத்தில இருக்கிற பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிட்டப் பேரைக் குடுங்கோ, தேவைப்படேக்க கூப்பிடுவா. போனா அந்தப் பிள்ளையளிட்ட எந்த ஊர், அப்பா என்ன வேலை எண்டு மட்டும் கேக்காதேங்கோ. ரியூசனுக்கு வாற பிள்ளையளின்ர அம்மாமாரில ஆருக்கும் தேவைப்பட்டா 1938 எண்ட பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கத்தையும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கிற நட்பு நிலையத்தையும் தனியக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கோ, கொப்பியில எழுதி அனுப்பாதேங்கோ, கொப்பியை அப்பாவும் பாப்பார்.