குளிர்விப்புத் தலையின் திருகை மாற்றும்போது

கேள்வி: என் மகனின் நைட்ரோ ரிமோட் காரில் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் பொம்மைக் கார்), எஞ்சினின் மேல்மூடியான குளிர்விப்புத் தலையைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளில் ஒன்றின் ஆலன் குழி (சாவி நுழையும் ஆறுமூலைக் குழி) உருண்டுவிட்டது. காரைக்குடி ஹார்டுவேர் கடையில் அதே பருமனில் எவர்சில்வர் திருகு கிடைக்கிறது. நீளம் மட்டும் சற்று அதிகம். போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். இந்த வேலையில் நீளம்தான் முதலில் பார்க்க வேண்டியது. எஞ்சின் உடலில் உள்ள துளை பெரும்பாலும் அடி மூடியது. நீளமான திருகின் முனை அடியில் முட்டி நின்றுவிட்டால், கைக்கு இறுகியதுபோல் தெரிந்தாலும் தலை சரியாக அழுந்தியிருக்காது. அந்த இடுக்கில் அழுத்தம் கசிய, எஞ்சின் சூடேறும். நீளம் குறைந்தாலோ இரண்டு மூன்று மரைகளே பிடித்து, அலுமினிய மரை திருகோடு பெயர்ந்து வந்துவிடும். ஆகவே, நல்ல திருகு ஒன்றைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே பருமன், அதே மரை, அதே நீளத்தில் நான்கையுமே புதிதாக வாங்குங்கள். திருகின் தலையில் 12.9 என்ற வலுத் தரக்குறி பொறித்த கறுப்பு எஃகுத் திருகாகக் கேளுங்கள். ஏ2-70 என்று பொறித்த எவர்சில்வர் அதைவிட வலுவில் மிகக் குறைந்தது. அழகுக்காக விற்கும் வண்ண அலுமினியத் திருகுகள் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

கழற்றுவதற்கு முன், குளிர்விப்புத் தலையின் துடுப்புகளுக்கிடையே (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) படிந்திருக்கும் செம்மண் தூசியைப் பிரஷ்ஷால் முழுதும் நீக்கிவிடுங்கள். நம் பக்கத்துப் பொட்டலில் ஓடிய வண்டியில் அது அப்பியே இருக்கும். தலையைத் தூக்கும்போது சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். உருண்ட திருகு வராவிட்டால், மரையில் கருகிய எரிபொருள் எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். எரிபொருள் தொட்டியைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு (மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது), ஹீட் கன்னால் தலையைச் சூடாக்கி, குழியில் சற்றுப் பெரிய டார்க்ஸ் முனையை (ஆறு முனை நட்சத்திர வடிவம்) மெல்லத் தட்டி இறக்கித் திருப்புங்கள்.

தலைக்கு அடியில் தாள்போல் மெல்லிய ஷிம் வளையம் இருக்கும். 0.1 மில்லிமீட்டர் தடிமன்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சினின் அழுத்தம் கூடிவிடும். மாட்டும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, திருகுகளை விரலாலேயே இறக்குங்கள். இரண்டு சுற்றிலேயே தடை தெரிந்தால் மரை வேறு. பிறகு எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு தொட்டி எரிபொருள் ஓட்டியபின், எஞ்சின் முழுதும் ஆறியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரிவதால், சூட்டில் தளர்ந்த திருகும் இறுக்கமாகவே தோன்றும்.