வாசகர் கேள்வி: பி.ஃபார்ம் முடித்தவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

கேள்வி: இந்த ஆண்டு சென்னையில் பி.ஃபார்ம் முடித்தேன். உடன் படித்தவர்களில் பலர் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மருத்துவமனை மருந்தாளுநராகவே விருப்பம். “மாத்திரை எடுத்துக் கொடுக்க டி.ஃபார்ம் டிப்ளமோ போதுமே, நான்கு வருடம் எதற்குப் படித்தாய்?” என்கிறார் அப்பா. ஃபார்ம்.டி. படித்தவர்களுக்குத்தான் மருத்துவமனையில் மதிப்பு என்கிறார்கள் சீனியர்கள். நான் எங்கே தொடங்குவது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் தந்தையார் கேட்பதில் நியாயம் உண்டு. 1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டப்படி டிப்ளமோ படித்தவரும் பட்டம் பெற்றவரும் ஒரே பதிவேட்டில்தான் இடம்பெறுகிறார்கள். மருந்து வழங்கும் உரிமையில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. செய்முறைப் பயிற்சியில் டி.ஃபார்ம் படித்தவர் உங்களை முந்தியிருக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். உங்களுக்கு விதித்திருப்பது 150 மணி நேரம், அதையும் மருந்துத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டு வர வழியிருக்கிறது. ஏழாம் பருவத்தில் படித்த ‘ஃபார்மசி பிராக்டிஸ்’ தாளைத் தவிர, மருத்துவமனை மருந்தகம் எப்படி நடக்கிறது என்பதைப் பட்டப்படிப்பு உங்களுக்கு அதிகம் காட்டியிருக்காது. ஆகவே முதல் மாதம் ஒரு டிப்ளமோக்காரர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால், அதைக் குறைவாக நினைக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

ஃபார்ம்.டி. 2008-இல் தொடங்கப்பட்ட ஆறாண்டுப் படிப்பு. அதன் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. அதை முடித்தவர்கள் பெரும்பாலும் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக, மருத்துவர்களுடன் வார்டு சுற்றும் வேலைக்கு வருகிறார்கள். பி.ஃபார்ம் முடித்தவர் மூன்றாண்டு படித்து அந்தப் பட்டத்தைப் பெறும் வழியும் இருக்கிறது. ஆனால் உடனே அதில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. ஓராண்டு மருந்தகத்தில் நின்று பார்த்த பிறகும் வார்டுப் பணிதான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது சேருங்கள்.

முதலில் தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு எண் இல்லாமல் போனால், மருந்தாளுநரின் வேலையை உதவியாளர் சம்பளத்தில் செய்ய வைத்துவிடுவார்கள். அடுத்து, நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பாக, எந்தப் பிரிவில் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பல தனியார் மருத்துவமனைகளில் புறநோயாளிகளுக்கான கவுன்டர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பைப் போலத்தான் நடக்கிறது: சீட்டு, பில், மாத்திரை, அடுத்தவர். அதில் மூன்றாண்டு நின்றாலும் கை வேகம் கூடுமே தவிர, அறிவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ‘ஐ.பி. ஃபார்மசி’ எனப்படும் உள்நோயாளிகளுக்கான மருந்தகம் இருக்கிறதா என்று விசாரித்து, நைட் டியூட்டி இருந்தாலும், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

வார்டிலிருந்து வரும் இன்டென்ட் எனப்படும் மருந்துக் கோரிக்கைச் சீட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் அவசர மருந்துத் தட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குளிர்பெட்டி, இரட்டைப் பூட்டுக்குள் வைத்துக் கணக்கு எழுத வேண்டிய மார்ஃபின் எல்லாம் அங்கேதான் உங்கள் கைக்கு வரும். அங்குதான் படித்த பாடமும் பயன்படத் தொடங்கும். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால், நோயாளியின் உடலில் இரண்டரை மடங்கு இன்சுலின் இறங்கிவிடும். டோபமின், டோபுடமின் என்ற இரு மருந்துகளும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை, வேலையில் வேறு. பொட்டாசியம் குளோரைடு ஊசியை நீர்க்கச் செய்யாமல் நேரே ரத்த நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதால், அதை மற்ற மருந்துகளோடு சேர்த்து அடுக்கக் கூடாது. இவற்றை நேர்காணலில் கேட்பார்கள். கேட்காத மருத்துவமனையைப் பற்றி நான் கொஞ்சம் யோசிப்பேன்.

இந்த வேலையில் எல்லாவற்றையும்விடக் கடினமானது மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தினம் ஒன்று என்று எழுதிய சீட்டு வந்தது. மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு அது தெரிந்தும், பெரிய டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கத்தில் மாத்திரையை உறையில் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த மருந்தாளுநர் உறையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மருத்துவரின் எண்ணைச் சுழற்றி, “சார், இது வாரம் ஒரு முறைதானே?” என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் ஒரு கணம் அமைதி, பிறகு நன்றி. அந்த மூத்தவர் டி.ஃபார்ம் படித்தவர் என்பதை உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் கொடுக்காமல் நிறுத்துவதும் அடக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறு என்று குற்றம் சாட்டாமல், சந்தேகம் என்று கேட்கும் அந்தத் தொனியைப் பழகிக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

அரசுப் பணியில் ஆர்வமிருந்தால், 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளைக் கவனித்து வாருங்கள். கல்வித் தகுதி குறித்த பத்தியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள். பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அறிவிக்கை வரும்வரை வீட்டில் காத்திராமல் வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் நல்லது.

கேள்வி: பி.ஃபார்ம் முடித்துப் பதிவும் செய்துவிட்டேன். மருத்துவமனை வேலைக்கு முயன்று வருகிறேன். அதுவரை என் சான்றிதழைத் தன் மெடிக்கல் ஷாப்பில் மாட்டிவைத்துக்கொள்வதாகவும், கடைக்கு வராமலே மாதாமாதம் பணம் தருவதாகவும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். நீங்கள் இல்லாத கடையில் யாரோ எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் உங்கள் பெயரே பொறுப்பாகிறது. விசாரணை வந்தால் கவுன்சில் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நடைமுறைச் சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. நாளை மருத்துவமனையில் வேலை கிடைத்து, அவர்கள் தங்கள் மருந்து உரிமத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க முயலும்போது, அது ஏற்கெனவே இன்னொரு கடையின் உரிமத்தில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிறகு அந்தக் கடைக்காரரிடமிருந்து பெயரை விடுவித்துக்கொள்வதற்காக, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.