1928-இல் 10,000 மீட்டர் தங்கம் யாருக்கு?

கேள்வி: பள்ளி வினாடி வினாவுக்காக, குளிர்கால ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங் (பிளேடு காலணியோடு பனித்தடத்தில் சறுக்கும் வேகப் பந்தயம்) வென்றவர்களின் பட்டியல் தயாரிக்கிறேன். 1928-க்கு ஓரிடத்தில் இர்விங் ஜஃபி என்று போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் காலியாக இருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். "போட்டி ரத்து, பதக்கம் இல்லை" என்று எழுதுங்கள், அதுதான் சரி.

நடந்தது இதுதான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் பிப்ரவரி 14 அன்று பந்தயம். அந்தப் பந்தயத்தில் எல்லோரும் சேர்ந்து ஓட மாட்டார்கள்; இரண்டு இரண்டு பேராக இறங்கி 400 மீட்டர் தடத்தை 25 முறை சுற்றுவார்கள், கடைசியில் யார் நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். அமெரிக்காவின் ஜஃபி, நார்வேயின் பெர்ன்ட் எவன்சனோடு ஒரே ஜோடியாக இறங்கினார். எவன்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை, முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். இருந்தும் ஜஃபி 18 நிமிடம் 36.5 விநாடி, எவன்சன் 18 நிமிடம் 36.6 விநாடி. பத்து கிலோமீட்டர் ஓடியும் வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான்!

அப்புறம் பனித்தடம் இளக ஆரம்பித்துவிட்டது. அதே நாளில் அங்கே நடந்த 50 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தைப் பார்த்தாலே வெயிலின் கொடுமை புரியும்: வென்ற ஸ்வீடன் வீரர் ஹெட்லுண்டுக்கே 4 மணி 52 நிமிடம் ஆனது, 1924-இல் வென்றவரைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதிகம். இளகிய பனியில் பிளேடு அழுந்தும், சறுக்கு நீடிக்காது, ஒவ்வொரு எட்டுக்கும் காலில் கூடுதல் பலம் போட வேண்டும். காலையில் கெட்டியான தடத்தில் ஓடியவரையும் பிறகு நீர் தேங்கிய தடத்தில் ஓடுபவரையும் கடிகாரத்தை வைத்து எப்படி ஒப்பிடுவது? அதனால் பந்தயத்தை நிறுத்தினார்கள், அமெரிக்கத் தரப்பு வாதாடியும் பலனில்லை, மறுபடி நடத்தவும் இல்லை. என் கருத்தில் நிறுத்தியது நியாயம்தான், ஆனால் இன்னொரு நாள் நடத்தாமல் விட்டது அந்த இரண்டு பேருக்கும் செய்த அநியாயம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜஃபி 1932-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த ஒலிம்பிக்கில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அங்கே அமெரிக்க முறைப்படி எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள், யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதுதான் கணக்கு, ஆகவே ஒருவர் பின்னால் ஒருவர் பதுங்கிக் கடைசியில் பாய்வார்கள். 10,000-இல் அவர் நேரம் 19 நிமிடம் 13.6 விநாடி, செயின்ட் மோரிட்ஸில் ஓடியதைவிட மெதுவு. இதைத் தரம் இறங்கிவிட்டதாக மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

சரிபார்க்க ஒரு வழி: ஜஃபியின் ஒலிம்பிக் தங்கம் மொத்தம் 2, இரண்டுமே 1932. மூன்று என்று எங்காவது இருந்தால் அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். வினாடி வினாவில் "1928-இல் வென்றவர் யார்" என்று கேட்காமல், "பனி இளகியதால் ரத்தான ஒலிம்பிக் ஸ்கேட்டிங் பந்தயம் எது" என்று கேளுங்கள், யாரும் மறுத்துப் பேச முடியாது.