நாலாவது மென்டர்

கேள்வி: அக்கா, நான் கனடாவுல, ஒட்டாவால ஃபெடரல் கவர்மென்ட் ஆபீஸ்ல மேனேஜர். என் டீம்ல ஒரு க்ரீ பொண்ணு (கனடாவோட பூர்வகுடி மக்கள்ல ஒரு இனம்), பத்து வருஷ சர்வீஸ், வேலைல அடிச்சுக்க ஆளில்ல, ஆனா டைரக்டர் லெவலுக்கு மட்டும் போக மாட்டேங்குது. நான் மென்டரா இருக்கட்டுமான்னு கேட்டேன், "நீங்க நாலாவது மென்டர்"னு சிரிச்சாங்க. வேற என்னதான் பண்றது?
- ஒரு வாசகி

பதில்: அந்த சிரிப்புலயே பதில் இருக்கேம்மா! அட்வைஸ் சொல்ல ஆள் நிறைய, பேரை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்ல. டைரக்டர் சீட் காலியானா யார ஆக்டிங்ல, அதாவது தற்காலிகமா அந்தப் பதவில, போடலாம்னு ஒரு ரூம்ல நாலு பேர் பேசுவாங்க பாருங்க, அங்க நீங்க இருப்பீங்க, அவங்க இருக்க மாட்டாங்க. அங்க அவங்க பேரைச் சொல்லுங்க. ஆறு மாசம் ஆக்டிங் பாத்துட்டா அடுத்த இன்டர்வியூல அனுபவம் இல்லன்னு கழிச்சுக்கட்ட முடியாதுல்ல.

அப்புறம் பிரெஞ்சு. பெரிய போஸ்ட்ல நிறையவற்றுக்கு இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டு மொழியும் வேணும்னு உங்களுக்கே தெரியும். 2021ல மேரி சைமன் கனடாவோட கவர்னர் ஜெனரல் ஆனாங்க, அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி, இனுயிட் மக்களோட மொழியான இனுக்டிடுட்டும் இங்கிலீஷும் நல்லா பேசுவாங்க, ஆனா பிரெஞ்சு தெரியலன்னு எவ்ளோ சத்தம். அவங்க சொன்னது என்னன்னா, கியூபெக்ல தான் படிச்ச ஃபெடரல் டே ஸ்கூல்ல (பூர்வகுடிப் பிள்ளைங்களுக்கு மத்திய அரசு நடத்தின பகல் நேரப் பள்ளி) பிரெஞ்சு கத்துக்க வாய்ப்பே தரலன்னு. அன்னிக்கு சொல்லித் தராததும் அரசாங்கம், இன்னிக்கு ப்ரமோஷனுக்குக் கேக்கறதும் அரசாங்கம், நல்லா இருக்கு போங்க. போஸ்ட் வரட்டும் பாத்துக்கலாம்னு இருக்காம, ஆபீஸ் நேரத்துலயே, ஆபீஸ் செலவுல உங்க டீம் பொண்ணுக்கு பிரெஞ்சு ட்ரெயினிங் வாங்கிக் குடுங்க, இது உங்க கையெழுத்துல நடக்கற விஷயம்.

செப்டம்பர் 30, உண்மை மற்றும் நல்லிணக்க தினம் நெருங்கினா, பூர்வகுடிப் பிள்ளைங்கள வீட்டுலேர்ந்து பிரிச்சு அடைச்சு வச்ச ரெசிடென்ஷியல் ஸ்கூல் வரலாறு பேச யாரைக் கூப்பிடுறீங்க, அவங்களைத்தானே? அரசு ஊழியர்களுக்கு அந்த வரலாற்றை சொல்லித்தர்றது அரசாங்கத்தோட பொறுப்புன்னு அந்த ஸ்கூல்களைப் பத்தி விசாரிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல குடுத்த 94 பரிந்துரைல 57வதா எழுதியே வச்சிருக்காங்க. அவங்க தலைல கட்டாதீங்க, அவங்களே விரும்பி செஞ்சா அப்ரைசல்ல வேலையா எழுதுங்க.

ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. "நாமளும் மைனாரிட்டி தானே, நாம மேல வரலையா"ன்னு நம்மாளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். வேலைல சம வாய்ப்புக்கான எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்துல ரெண்டு பேருமே வர்றோம், சரி. ஆனா நாம வந்து இறங்கினவங்க, அவங்க பிள்ளைங்கள சொந்த மண்ணுலயே வீட்டுலேர்ந்து பிடுங்கிட்டுப் போய் ஸ்கூல்ல அடைச்சாங்க, ரெண்டும் ஒண்ணு கிடையாது.

ஆமா, டைரக்டர் ஆகணும்னு அவங்களுக்கு ஆசை இருக்கான்னு கேட்டீங்களா? உங்க லெட்டர்ல அது இல்லயே. முதல்ல கேட்டுட்டு எழுதுங்க.