பவர் பாங்க், ரோச் லைட், பற்றறி: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

போன் திருத்தும் மேசையில் இருப்பவனிடம் பற்றறிக் கேள்விகள் வருவது வழக்கம். தீப்பிடிக்கும் ஆபத்து என்று கம்பனிகள் பவர் பாங்குகளைத் திரும்பக் கேட்கத் தொடங்கிய பிறகு அவை கூடிவிட்டன. வந்தவற்றில் சில இங்கே.

உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி: கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த ஆங்கர் (Anker) பவர் பாங்க். இத்தனை வருடமும் ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லா வேலை செய்வதை ஏன் நிறுத்த வேண்டும்?

நல்லா வேலை செய்வது இங்கே சாட்சியாகாது, தங்கச்சி. பற்றறிக்குள் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் காவல். செய்யும்போதே குறை விழுந்திருந்தால், வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் உள்ளுக்குள்ளேயே சோட் ஆகும். அதன்பின் சூடு தானாகவே ஏறும். பிளக்கைக் கழற்றினாலும் நிற்காது.

பவர் பாங்கைத் திருப்பிப் பாருங்கள். மங்கலான பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெருப்பிக்கவும். ஏ1263 என்றிருந்தால் அதுதான் பவர்கோர் 10000. 2016 முதல் 2022 வரை அமெரிக்காவில் மட்டும் 11 இலட்சத்துக்கு மேல் விற்ற மாடல், 2025 ஜூனில் திரும்பக் கேட்டார்கள். அதே மாதத்தில் வேறு சில மாடல்களும் சேர்ந்தன, அதனால் வேறு எண் என்றாலும் கம்பனியின் இணையப் பக்கத்தில் தொடர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பட்டியலில் இருந்தால் உடனே பாவனையை நிறுத்துங்கள். மாற்றித் தருவதற்கு அமெரிக்காவில் கேட்ட அத்தாட்சி இதுதான்: பவர் பாங்கின் மேலேயே ‘மீளப்பெறப்பட்டது’ (Recalled) என்று ஆங்கிலத்தில் மார்க்கரால் எழுதி, பெயரும் திகதியும் மாடல் எண்ணும் தெரியப் படம் எடுத்து அனுப்புவது. அண்ணாவிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். குறையுள்ளது என்று கம்பனியே அறிவித்த பற்றறியை விமானத்தில் ஏற்றக்கூடாது.

பெயர் சொல்லாத ஒருவர்: என்னுடையது வேறு பிராண்ட். பயமில்லைத்தானே?

பெட்டியில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் பற்றறிச் செல்லைச் செய்தவரின் பெயரும் பெரும்பாலும் வேறு வேறு. 2006இல் சோனி செய்த லப்டொப் பற்றறியில் உலோகத் துகள் கலந்தது. டெல் 41 இலட்சம், ஆப்பிள் 18 இலட்சம் பற்றறிகளைத் திரும்பக் கேட்டன.

சாம்சங் நோட் 7 இன்னும் மோசமான கதை. 2016 செப்டெம்பரில் சுமார் 25 இலட்சம் போன்களைத் திரும்பக் கேட்டு, வேறு கம்பனியின் பற்றறி போட்டுப் புதுசு கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. முதல் பற்றறியில் மூலை நசுங்கியிருந்தது, இரண்டாவதில் வெல்டிங் பிசிறு. ஒக்டோபரில் அந்தப் போனையே நிறுத்திவிட்டார்கள். மாற்றித் தந்ததையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு அண்ணை: இரவில் கடலுக்குப் போகத் தலையில் கட்டும் சார்ஜ் லைட். பெயரே இல்லாத சாமான். இதையும் திரும்பக் கேட்பார்களா?

மாட்டார்கள் அண்ணை. திரும்பக் கேட்க ஒரு பெயரும் விலாசமும் வேண்டுமே. இதில் கம்பனியும் நீங்கள்தான், பரிசோதகரும் நீங்கள்தான்.

சார்ஜ் குத்தும் ஓட்டையைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். மூடி முன்பு போல் பொருந்தவில்லை, சார்ஜ் முடிந்தும் சுடுகிறது என்றால் அந்த லைட்டை விட்டுவிடுங்கள்.

பற்றறி 18650 அளவில் (18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளமுள்ள உருளை) இருந்து, 9900 மில்லி அம்பியர்-அவர் (mAh) என்று அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய். நல்ல கம்பனிகளே அந்த அளவில் 4000ஐத் தாண்டுவதில்லை. லேபலில் பொய் சொன்னவன் உள்ளே பாதுகாப்புச் சுற்றுப் போட்டிருப்பான் என்று நான் நம்பமாட்டேன். விடிய வந்து, லைட்டை வலைக்குவியல் மேல் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: டுபாய் போகிறேன். 20000 பவர் பாங்க் கொண்டுபோகலாமா?

எமிரேட்ஸ் என்றால் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று, 100 வாட்-அவர் (Wh) அளவுக்குள். 20000 mAhஐப் பற்றறியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 74 வாட்-அவர், சரி. ஆனால் அளவு அச்சில் தெரிய வேண்டும். கைப்பையில் மட்டும். விமானத்துக்குள் பாவிக்கவே முடியாது.

பாலையூற்றிலிருந்து ஒரு அம்மா: மகனின் பாட்டுப் பொம்மையில் பற்றறி மூடி கழன்றுவிட்டது. உள்ளே பொத்தான் பற்றறி.

பொம்மையை இப்பவே எடுத்து வையுங்கள். மற்றக் கேள்விகள் எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். அந்தப் பற்றறி தொண்டையில் சிக்கினால் எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை எரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் போதும், வாந்தி எடுக்க வைக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே கேளுங்கள். அழவில்லை, இருமவில்லை என்று காத்திருக்க வேண்டாம். இனிமேல் வாங்கும்போது மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள்.

மத்திய வீதியில் கடை வைத்திருப்பவர்: திரும்பக் கேட்ட மாடலில் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. விலை குறைத்து விற்கலாமா?

கூடாது. தனியாக எடுத்து வைத்து, பில்லோடு மொத்த வியாபாரியைப் பிடியுங்கள். வாங்கியவர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு, அழைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாங்குபவர்களும் கவனிக்கவும்: எழுத்து மூல முறைப்பாட்டுக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

உப்புவெளியிலிருந்து: வீங்கின பற்றறியை ஊசியால் குத்தினால் சரியாகும் என்கிறான் நண்பன். இல்லாவிட்டால் கடலில் எறியவா?

இரண்டும் வேண்டாம். குத்தினால் கையிலேயே எரியும், உப்புத் தண்ணீர் அரித்து நஞ்சைக் கடலில் விடும். குப்பை வண்டியில் போட்டாலும் நசுங்கித் தீப்பிடிக்கலாம். காய்ந்த மணல் போட்ட சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் விடுங்கள். பழைய இலத்திரனியல் சாமான் எடுப்பவரிடம் கொடுக்கும்போது வீங்கியது என்று சொல்லியே கொடுங்கள். நண்பனிடம் உங்கள் போனைத் திருத்தக் கொடுக்காதீர்கள்.