பழைய டிஷ்ஷில் இலவச சேனல் வருமா?

கேள்வி: வாடகைக்கு வந்த வீட்டின் மொட்டை மாடியில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டாடா ஸ்கை டிஷ்ஷும் பாக்ஸும் அப்படியே இருக்கின்றன. மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய எனக்குக் கட்டுப்படியாகாது. இதை வைத்தே டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கலாமா? கடையில் புது செட்டே வாங்கச் சொல்கிறார்கள்.
- வாசகர், காரிமங்கலம்

பதில்: டிஷ் ஆகும், பாக்ஸ் ஆகாது. அந்த பாக்ஸ் அதன் கம்பெனி சிக்னலுக்கு மட்டும்தான். இலவச சேனலுக்குத் தனி பாக்ஸ் வேண்டும், வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வரவே வராது. கேபிள் முனையில் செம்பு பச்சை பிடித்திருந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள்.

இனி திசை. உங்கள் டிஷ் இப்போது பார்ப்பது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளை. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. வெறும் பத்து டிகிரிதானே என்று லேசாகத் தட்டிவிட்டால் கிடைக்காது, நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மாடியில் நின்று திருப்பும்போது அது சுமார் 30 டிகிரி ஆகிவிடும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று இடப்பக்கமாக, தென்கிழக்கைக் கொஞ்சம் தாண்டித் திருப்புங்கள், அப்புறம் ஏழு டிகிரி போலக் கீழே இறக்குங்கள். சிக்னல் 67 டிகிரி உயரத்திலிருந்து வருகிறது, அதனால் டிஷ்ஷைவிட இருபதடி உயர்ந்த மாமரம்கூட பத்தடி தள்ளி இருந்தால் மறைக்காது.

பாதிப் பேர் கோட்டை விடுவது எல்.என்.பி.யில்தான் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் இருக்கும், சிக்னலை வாங்கும் சின்னக் கருவி). டிஷ்ஷைத் திருப்பினால் மட்டும் போதாது, பிடியைத் தளர்த்தி எல்.என்.பி.யையும் அதன் அச்சிலேயே ஏறக்குறைய 30 டிகிரி சுழற்ற வேண்டும். பாக்ஸ் மெனுவில் ஃப்ரீக்வென்சி 11550, போலரைசேஷன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போட்டு, எல்.என்.பி. லேபிளில் உள்ள எண்ணையும் (பெரும்பாலும் 9750/10600) மெனுவில் கொடுத்துவிட்டு, ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்து 'குவாலிட்டி' கோட்டை மட்டும் பார்த்துச் சொல்லட்டும். 'ஸ்ட்ரென்த்' கோடு டிஷ் எங்கே பார்த்தாலும் ஏறித்தான் நிற்கும், அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் சில நொடி பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் வந்த சிக்னலைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

செலவு பாக்ஸுக்கு மட்டும், மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் வரும், டிடி ஸ்போர்ட்ஸ் வரும், மற்றபடி பெரும்பாலும் இந்திதான். வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏணியில் ஏறுங்கள்.