கங்கைகொண்ட சோழபுரம்: கேளுங்கள், சொல்கிறேன்

தஞ்சை இருக்கும்போது ராஜேந்திர சோழன் ஏன் தலைநகரை மாற்றினான்?

காரணத்தை அவன் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. படை கங்கை வரை போய்த் திரும்பியபின் 1025 வாக்கில் ஊர் எழும்பியது, பெயரே அதைத்தான் சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது கொள்ளிடம். வடக்கே சாளுக்கியரோடு ஓயாத சண்டை, ஆற்றுக்கு வடகரையில் இருந்துவிட்டால் வெள்ளக் காலத்திலும் படை நிற்காமல் கிளம்பலாம்.

தஞ்சைக்குச் சுரங்கம் உண்டாமே?

கிடையாது.

கோயில் மட்டும்தான் பார்த்தேன். அரண்மனை எங்கே?

கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு. தோண்டிய குழிக்குள் எட்டிப் பாருங்கள், செங்கல் சுவரின் அடிப்பகுதி மட்டும் வரிசையாகத் தெரியும். கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் சில்லு எல்லாம் அங்கே கிடைத்தவை. கல்லில் கட்டியது சாமிக்கு, ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும்தான். அப்படியே உட்கோட்டை, ஆயுதக்களம் என்று பக்கத்து ஊர்ப் பெயர்களையும் கேட்டு வாருங்கள்.

பாண்டியர்கள் நகரையே கொளுத்தினார்கள் என்கிறார்களே?

இதற்குத்தான் காத்திருந்தேன். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் அரசன் புகழ்ப்பாட்டு, தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) கொளுத்தியதாகப் பெருமையடிக்கிறது. இந்த ஊர் பெயர் அதில் இல்லை. பட்டியல் போட்டுச் சொல்கிறவன் தலைநகரை மறந்தா விடுவான்?

அப்போ யார்தான் இடித்தது? வெள்ளைக்காரனா? பாண்டியருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

வக்காலத்து இல்லை ஐயா, கல்லுக்குக் கணக்குக் கேட்கிறேன். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதிலை உடைத்துக் கல்லைக் கொண்டு போனார்கள். அணைக்கரைப் பாலத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மதில்தான் ஞாபகம் வரும். மாளிகைமேட்டுச் செங்கல்லையோ நம் ஆட்களே வண்டி கட்டி அள்ளினார்கள். 1279-க்கு அப்புறம் அரசன் இல்லை, காவலும் இல்லை. எரித்தவனை மட்டும் தேடினால் எடுத்தவன் தப்பிவிடுவான்.

சுரங்கம் பற்றி...

மேலே பாருங்கள்.

ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, பொன்னேரி என்று கேளுங்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. கல்லைப் பெயர்க்கலாம், ஏரியை யார் பெயர்ப்பது!

தஞ்சைக் கோபுர நிழல் தரையில் விழாதாமே?

விழும். தஞ்சைக்காரர்களைக் கேளுங்கள்.

எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் அகலமான செங்கல் இருக்கிறது. அரண்மனைச் செங்கல்லா? வீடு உட்கோட்டைப் பக்கம்.

இருக்கலாம். நீளம், அகலம், கனம் அளந்து படத்தோடு போடுங்கள். தயவுசெய்து பெயர்த்து எடுக்காதீர்கள்.

சுரங்கம்...

ஐயா!